ஐராவதம் சத்தம் போடாது

பிப்ரவரி 3, திங்கள்

கோபிச்செட்டிபாளையத்தில் சனம் நின்று திரும்பிப் பார்ப்பது இரண்டுக்குத்தான். ஒன்று கோயில் தேர். இன்னொன்று, குழந்தைவேலுவாகிய நான் என் வெள்ளைக் காரில் வருவது. கடந்த ஐந்தாறு மாதமாக இந்தப் புகழ் எல்லை மீறிவிட்டது. கச்சேரிமேட்டில் நான் பிரேக்கை மிதித்தால் போதும், டீக்கடையில் இருப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்கள். ஒரு நாய் மரியாதை நிமித்தம் ஊளையிட்டது. வாய் அசைந்ததை நானே பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்ட ஓர் அம்மாளும் உண்டு. வெயில் கூசினால் கண்ணைப் பொத்துவார்கள், புகழ் கூசினால் காதைப் பொத்துவார்கள் போல.

காரின் பெயர் ஐராவதம். வயது பதினாறு. இந்திரனுடைய யானைக்கு நான்கு தந்தம் என்பார்கள், என்னுடையதற்கு நான்கு கதவு. வயதாக ஆக அதற்குப் பெரிய மனுசத்தனம் வந்துவிட்டது. முன்பெல்லாம் இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் என்று அலட்டும். இப்போது ஓசையே இல்லாமல் அடக்கமாக எரிகிறது.

இனி முக்கியச் செய்தி. என் தங்கை ஈஸ்வரியின் மகள் சிந்துஜாவுக்கு மார்ச் இரண்டாம் தேதி கல்யாணம். எங்கள் குடும்ப வழக்கப்படி, முதல் நாள் சாயங்காலம் மணப்பெண்ணை மண்டபத்து வாசலில் கொண்டுவந்து இறக்க வேண்டியது தாய்மாமன். அதுவும் தன் சொந்த வண்டியில், தானே ஓட்டி. எங்கள் மாமா ஈஸ்வரியை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார், டிரெய்லருக்கு வாழைமரம் கட்டி. இப்போது என் முறை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. இந்த உலகத்தில் எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே பட்டாபிஷேகம் இதுதான்.

அதை முன்னிட்டு இன்று ஐராவதத்தைச் சர்வீசுக்கு விட்டேன். மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டு வாசலில் நிற்பவனைப் போல நின்றான்.

"சார், பேடு சுத்தமாத் தேஞ்சு, இரும்பும் இரும்பும் ஒரசி டிஸ்க்கே போச்சுங்க. ரெண்டு பக்கமும் மாத்தோணும்."

டிஸ்க் என்பது சக்கரத்துக்குப் பின்னால் சுழலும் இரும்புத் தட்டு. பேடு இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும். இது எனக்குத் தெரியாதா?

"மாத்து" என்றேன்.

"மாத்தீரலாங்க. ஆனா பேடு தேஞ்சா கீச்சு கீச்சுன்னு மாசக்கணக்காக் கத்தியிருக்குமே சார். உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

ஐராவதத்தைக் கத்துகிற வண்டி என்கிறான்! என் இரத்தம் கொதித்த கொதிப்பில் அங்கேயே நான்கு பேருக்கு இட்லி வேகவைத்திருக்கலாம். சக்கரத்தைத் திரும்ப மாட்டச் சொல்லி, வண்டியை இரண்டாவது கியரிலேயே உருட்டி வீடு கொண்டுவந்து சேர்த்தேன். டிஸ்க்கை என் கையாலேயே மாற்றுவேன் என்று சபதமும் செய்தேன்.

"உங்களுக்கு ஏனுங்க இந்த வேல?" என்றாள் சுலோச்சனா. முப்பத்தாறு வருடமாக என் மனைவி, அதைவிட நீண்ட காலமாக என் எதிர்க்கட்சி. "போன தடவ கொழாய்க்கு வாசர் மாத்தறேன்னு போயி, தெருவுக்கே தண்ணி இல்லாமப் பண்ணிப்போட்டீங்க."

அது நகராட்சியின் சதி.

பிப்ரவரி 4, செவ்வாய்

பருப்பு தீய்ந்துவிட்டது. மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டு சுலோச்சனா கோயிலுக்குப் போனாள். பக்கத்து அறையில் பேப்பரும் கையுமாகக் காவல் இருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. குக்கர் பழுது. எடைக்குப் போட வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

சிந்துஜா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் துணியில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் ஒரே பெண் எங்கள் குடும்பத்தில் இவள்தான், மற்றவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள்.

நெடுநேரம் பேசினாள். சின்ன வயதிலிருந்தே புல்லாங்குழல் குரல். இப்போது அது யாரோ பக்கத்து ஊரில் உட்கார்ந்து ஊதும் புல்லாங்குழல் ஆகிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், போதாக்குறைக்கு டவரும் சரியில்லை. கல்யாணப் பெண்ணிடம் எத்தனை தடவை "என்ன, என்ன" என்று கேட்பது? அதனால் பொருத்தமான இடங்களில் பொருத்தமான பதில்களை வழங்கினேன். "ஓஹோ." "அப்படியா கண்ணு." கடைசியில் அவள் ஏதோ கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு, அப்படியே செஞ்சுபோடலாம்" என்று சிரித்தபடி சொன்னேன். உலகின் எந்தக் கேள்விக்கும் பொருந்தும் பதில் அது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக நான் காலம் தள்ளியதே இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு வைத்துவிட்டாள். நெகிழ்ந்துவிட்டாள் போல.

பிப்ரவரி 9, ஞாயிறு

அறுவை சிகிச்சை தொடங்கியது.

ஐராவதம் நகராமலிருக்கப் பின் சக்கரங்களுக்குச் செங்கல் தேடினேன், கிடைக்கவில்லை. சுலோச்சனாவின் ஆட்டுக்கல் குழவியை ஒரு பக்கமும், அம்மிக் குழவியை மறுபக்கமும் முட்டுக் கொடுத்தேன். சட்னி இல்லாத தோசை என்ற தண்டனை உடனே அறிவிக்கப்பட்டது.

அந்த மெக்கானிக் சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோது என் மேலிருந்த கோபத்தையும் சேர்த்து நட்டுகளை முறுக்கியிருந்தான். ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்றேன். அசையவில்லை. குதித்தேன். அப்போது எதிர்வீட்டு ஹபீப் பாய் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் குரல் பழைய பஸ் இன்ஜினைப் போல அடிவயிற்றிலிருந்து புறப்படும். இந்தத் தெருவில் தெளிவாகப் பேசத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

"என்னங்க குழந்த, கரகாட்டமா?"

"நட்டு கழட்டறேன் பாய்."

"நீங்க குதிக்கறதப் பாத்து அது பயந்துக்குச்சாட்ட இருக்குது. கொஞ்சம் நகருங்க."

அவரும் ஏறினார். இருவருமாகச் சேர்ந்து நின்றதில் நட்டு சரணடைந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே டிஸ்க். அடடா! கண்ணாடிபோல் இருக்க வேண்டிய தட்டு, உழுது போட்ட வயலைப்போல் வரிவரியாகக் கிடந்தது. ஓரம் மட்டும் தேயாமல் கத்தி விளிம்பாக நின்றது. பேடு இருந்த இடத்தில் வெறும் தகடு.

பாய் விரலால் தடவிப் பார்த்தார். "இது கத்துன கத்துக்கு நம்ம தெருக் கோழியெல்லாம் முட்டையே வெக்கலீங்க. நீங்க எப்படித்தான் உள்ள உக்காந்திருந்தீங்களோ."

பாய் தங்கமானவர். ஆனால் சொந்தக் கார் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும்.

பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, அது பிரேக் குழாயில் தொங்கி அறுந்துவிடாமல் சுலோச்சனாவின் பழைய சேலைக் கிழிசலால் தொட்டில் கட்டினேன். டிஸ்க் வரவில்லை. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அபிஷேகம் செய்தேன். சுத்தியலால் அர்ச்சனை செய்தேன். நான் அடித்த அடியில் பாரியூர்க் கோயில் மணி தானாக ஆடியிருக்கும். மதியத்துக்குள் ஒரு டிஸ்க் கழன்றது, மாலைக்குள் மற்றொன்று.

பிப்ரவரி 10, திங்கள்

இடுப்பு என்னோடு உறவை முறித்துக்கொண்டது.

பிப்ரவரி 12, புதன்

ஈரோடு போய்ப் புது டிஸ்க் இரண்டும் பேடும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "தோசைக்கல்லுங்களா?" என்று கேட்டார். ஆமாம், ஐராவதம் தோசை சுடப்போகிறது என்றேன்.

மாலையில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் கோபியில் கொசுவே கிடையாது. காதோரம் அந்த ரீங்காரத்தைக் கேட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நகராட்சியை எத்தனையோ திட்டியிருக்கிறேன், இதற்கு ஒரு பாராட்டுக் கூட்டமே போடலாம். கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது. பிரேக் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

பொருத்தும் வைபவம்.

புது டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்கக் கம்பெனியில் எண்ணெய் பூசித்தான் அனுப்புவார்கள். அதைத் துளிகூட இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. துடைத்தேன். பிறந்த குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல மின்னியது.

சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். "புதுச் சாமானுங்க. பொட்டு வெக்காமப் பூட்டாதீங்க."

நியாயம்தானே? இந்த வீட்டில் மிக்சி முதல் மோட்டார் வரை பொட்டு வைக்காமல் எதுவும் வேலை தொடங்கியதில்லை. சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். அந்த வழவழப்பில் அது நிற்காமல் வழிந்தது. என் மூளை எப்போதும் ஒரு படி மேலே யோசிக்கும். குங்குமத்தை நல்லெண்ணெயில் நன்றாகக் குழைத்து வைத்தேன். அட்டகாசமாகப் பிடித்துக்கொண்டது. முன் முகத்தில் மூன்று, பின் முகத்தில் மூன்று. கஞ்சத்தனமே காட்டவில்லை. பூ வைக்க இடமில்லை, அது ஒன்றுதான் குறை.

புதுப் பேடை மாட்டி, காலிப்பரைப் பூட்டி, சக்கரத்தை ஏற்றி, நட்டை முறுக்கி, பிரேக் பெடலை அது இறுகும்வரை மிதித்து முடித்தபோது உலகமே எனக்காக ஒரு நிமிடம் நின்றதுபோல் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெள்ளோட்டம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கற்பூரம். தெருவில் பாதிப் பேர் வாசலில்.

எங்கள் வாசலிலிருந்து தெருவுக்குப் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும், கொஞ்சம் சரிவு. பின்னால் நின்று வழி சொல்ல ஹபீப் பாய் முன்வந்தார். பீரோவில் பூட்டி வைத்திருந்த கண்டக்டர் விசிலைத் துடைத்து எடுத்து வந்திருந்தார்.

"ஒரு விசில்னா நிறுத்தோணும். ரெண்டு விசில்னா போலாம். நம்ம சர்வீஸ்ல ஒரு உசுருக்குச் சேதமில்லீங்க. தைரியமா வாங்க."

ரிவர்ஸ் போட்டேன். ஐராவதம் அன்னம்போல் நகர்ந்தது. கண்ணாடியில் பாயைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் பலூனாக உப்ப, கண் வெளியே வர, கையை வீசி வீசிக் குதித்துக்கொண்டிருந்தார். என் திறமையில் மெய்மறந்து கூத்தாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் ஒரே தாவாகத் தாவி ஒதுங்கியதும்தான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தால், வெண்ணெயில் கால் வைத்த மாதிரி வண்டி வழுக்கிக்கொண்டே போயிற்று.

எதிர்ச்சாரியில் பாய் வீட்டு முருங்கை மரம். முருங்கைக்கு ஒரு தும்மல் போதும், நான் யானையையே அனுப்பியிருந்தேன். பாதி மரம் ஐராவதத்தின் கூரை மேல் சாய்ந்தது. வண்டிக்கு ஒன்றுமில்லை, பின்பக்கம் லேசான ஒரு குழி. இறங்கிப் பார்த்தால் தெருவே காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. எதற்கு? அத்தனை தூரம் வழுக்கியும் வண்டி ஒரு சத்தம்கூடப் போடவில்லையே!

அதையே உரக்கச் சொன்னேன். "பாத்தீங்களா? சத்தமே இல்ல!"

யாரும் சிரிக்கவில்லை. சுலோச்சனா பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க... பாய் அத்தன விசில் ஊதுனாரே. கேக்கலீங்களா?"

"எந்த விசில்?"

ஹபீப் பாய் தன் கையிலிருந்த விசிலை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மரத்த விடுங்க குழந்த. ரொம்ப வயசாயிருச்சு அதுக்கு" என்றார்.

தெரு முழுக்க அன்று முருங்கைக்காய் சாம்பார். எங்கள் வீட்டில் சாம்பார் கொதித்து முடிந்த பிறகும் சுலோச்சனா சமையலறையை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நான் இன்று யாரோடும் பேசவில்லை. யாரும் என்னோடு பேசவில்லை. பேசினார்களோ என்னவோ.

பிப்ரவரி 19, புதன்

லீவு போட்டுவிட்டு சிந்துஜா வந்து நிற்கிறாள். எதிர்க்கட்சியின் ஏற்பாடு. வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க மாமா" என்றாள். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். கச்சேரிமேட்டில் பிரேக்கை மிதித்ததும் அவள் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி ஆயிற்று. டீக்கடையில் எழுந்து நின்றார்கள். நான் வழக்கம்போல் கையசைத்தேன். அவள் அதையும் பார்த்தாள்.

ஊர் தாண்டி வாய்க்கால் கரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். அப்படிப் பேசினால் எனக்கென்ன, எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது.

"மாமா, போன்ல நான் என்ன கேட்டேன், நெனப்பிருக்குதுங்களா?"

"இல்லாம என்ன கண்ணு. கல்யாண விசயம்."

"கல்யாணத்துல என்ன விசயம்?"

நான் வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் நிறையப் போயிற்று.

"அப்பா பெரிய காரு ஒண்ணு வாடகைக்குப் பேசீட்டாரு. மச்சான் வண்டி கத்தறது ஊருக்கே கேக்குது, பொண்ண அதுல ஏத்த மாட்டேன்னு சொல்லீட்டாரு. நான் உங்ககிட்டத்தான் கேட்டேன். மாமா, நீங்க ஓட்டலீன்னா எனக்கு மனசே ஆகாது, அப்பாகூடச் சண்ட போடட்டுமா, இல்ல வாடகை வண்டியே வரட்டும்னு விட்டுரட்டுமான்னு."

நான் கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கினேன்.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு, அப்படியே செஞ்சுபோடலாம்னீங்க. சிரிச்சுட்டே சொன்னீங்க. நான் ரெண்டு நாளு சரியாச் சாப்பிடலீங்க மாமா."

வாயைத் திறந்தேன். உலகின் எந்தக் கேள்விக்கும் பொருந்தும் பதில் ஒன்றுகூட அப்போது கைவசம் இல்லை.

"கச்சேரிமேட்டுல வண்டி கத்துச்சே, கேட்டுச்சுங்களா?"

"இல்ல" என்றேன்.

என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய சொற்பொழிவு அது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தப்புக் கண்டுபிடிக்கும் அதிகாரியின் முகத்துக்குத் திரும்பினாள். "ரெண்டு ரிப்பேர் இருக்குதுங்க மாமா. ஒண்ணு வண்டிக்கு. ஒண்ணு உங்களுக்கு. ரெண்டும் சரியாச்சுன்னா அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ஆகலீன்னா வாடகை வண்டிதான். சம்மதமுங்களா?"

இந்த முறை கேள்வி முழுதும் கேட்டது. சம்மதம் என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சரித்திரத்தில் பதியத் தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை. குக்கரை எடைக்குப் போட வேண்டாம் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 22, சனி

ஈரோட்டில் காது டாக்டர். முதலில் ஒரு பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இயந்திரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். சத்தம் விடும்போது அவள் வலது தோள் லேசாக அசைவதை உடனே கண்டுபிடித்துவிட்டேன். சும்மாவா, என் மூளை! தோள் அசைந்தது, அழுத்தினேன். அசைந்தது, அழுத்தினேன். நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து உள்ளே வந்து, என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். "சும்மா தோள மட்டும் ஆட்டிப் பாத்தேனுங்க ஐயா. அதுக்கும் அழுத்துனீங்க."

சுவர் நல்ல சுவர். வெளிர்ப் பச்சை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கு அதிகம் வேலை இல்லை.

தடித்த சத்தமெல்லாம் எனக்குள் வருகிறதாம், கீச்சுச் சத்தங்கள்தான் வாசலோடு திரும்பிவிடுகின்றனவாம். விசில், பிரேக், கொசு, பெண் குரல். கொசுவுக்காக நான் வருத்தப்படவில்லை. இரண்டு காதுக்கும் கருவி வைத்துக்கொண்டால் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். அதைத் திரும்ப ஒரு முறை சொல்லச் சொன்னேன். காது கேட்காததால் அல்ல.

வரும்போது பஸ்ஸில் சுலோச்சனா ஜன்னலைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு வருசமா நான் பேசறதக் கேக்காமயே தலையாட்டீட்டு இருந்தீங்களா?" என்று திடீரென்று திரும்பிக் கேட்டாள். கேட்டிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்றேன். கையில் கிள்ளினாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சிந்துஜா என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சக்கரத்தைக் கழற்றினாள். கல்யாணப் பெண் கையில் கிரீஸ் படலாமா என்று சுலோச்சனா தவித்தாள். மருதாணிக்கு அடியில் எல்லாம் மறைஞ்சுரும் அத்தை என்றாள்.

டிஸ்க்கைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். "மாமா, இதென்ன செவப்பு?"

"பொட்டு."

"பேடு மேல பூராவும் இருக்குதே. எண்ணெ மாதிரி..."

"நல்லெண்ணெய்ல கொழச்சேன். ஒட்டலீன்னு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் ஹபீப் பாய் வீட்டிலிருந்து ஓடி வந்தார். "பாய், பிரேக்குக்கு எங்க மாமா எண்ணெ வெச்சுத் தல சீவி விட்டிருக்கறாருங்க! அதான் அந்தக் கத்து, அந்த வழுக்கு!"

நான் எதிர்க்கட்சியைக் கைகாட்டினேன். "பொட்டு வெக்கச் சொன்னது உங்க அத்தை."

"நான் பொட்டுத்தானுங்க வெக்கச் சொன்னேன்" என்றாள் சுலோச்சனா. "தாளிக்கச் சொல்லலீங்களே."

எண்ணெய் குடித்த பேடு இனி உதவாது. வேறு வாங்கி வந்தோம். டிஸ்க்கைச் சிந்துஜா எண்ணெய் போக்கும் கரைசல் ஊற்றித் தேய்க்க, நான் துடைக்க, அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இரண்டு முறை திருப்பிக் கொடுத்தாள். பனியன் கம்பெனிக்காரர்கள் பாவம். எல்லாம் பூட்டிய பிறகு பொட்டு வைத்தோம். பானெட்டில். உலர்ந்த குங்குமம்.

அவள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "கத்தலீங்க மாமா" என்றாள். நம்பினேன். வேறு வழி?

பிப்ரவரி 26, புதன்

கருவி வந்தது. சுலோச்சனாவின் மனநிம்மதிக்காக மட்டுமே இதை மாட்டிக்கொண்டேன் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

மாட்டிய நொடியில் உலகம் என்மேல் கொட்டியது. பேப்பரைப் புரட்டினால் பனைமரம் முறிகிற மாதிரி இருக்கிறது. சுலோச்சனாவுக்கு வளையல் இருக்கிறது. குக்கர் ஊதியபோது நாற்காலியிலிருந்து நானே துள்ளி எழுந்தேன். என் புகழ்பெற்ற கொசுக்கள் அத்தனையும் ஊரிலேயே இருக்கின்றன. பாராட்டுக் கூட்டம் ரத்து.

சாயங்காலம் யாரும் பார்க்காதபோது ஐராவதத்தில் போய் உட்கார்ந்து இண்டிகேட்டரைப் போட்டேன். டிக், டிக், டிக். பாவம், அது எந்நாளும் நிறுத்தவே இல்லை. பேட்டரி போய்விடும் என்று சுலோச்சனா கத்தும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

சிந்துஜாவின் அப்பா, என் தங்கை வீட்டுக்காரர் ரத்தினசபாபதி, பரீட்சை வைக்க வந்தார். பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஊரைச் சுற்றினேன். இறக்கத்தில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். கச்சேரிமேட்டில் நிறுத்தினேன். சாதாரணமாகவே அவர் அதிகம் பேசமாட்டார். திரும்பும் வழியில், என் முதுகுக்குப் பின்னால், உதட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல் முணுமுணுத்தார்.

"மச்சான், ஒரு டீ சாப்பிடலாமா?"

"வடையும் சாப்பிடலாமுங்க மாப்பிள்ள" என்றேன்.

டீக்கடையில் வைத்தே போனை எடுத்து, வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு வடை சாப்பிட்டேன்.

மார்ச் 1, சனி

மண்டபத்து மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே சாப்பாட்டுப் பந்தி. இலை போடுகிற சத்தம்கூட இங்கே வருகிறது. இதெல்லாம் இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ.

ஐராவதத்துக்கு மல்லிகைச் சரம். ஈஸ்வரியும் சுலோச்சனாவும் பின்னால். சிந்துஜா பட்டுச் சேலையோடு என் பக்கத்தில், முன் சீட்டில். அவளே அங்கேதான் உட்காருவேன் என்றாள். ஊரிலிருந்து மண்டபம் வரை வயல் நடுவே நல்ல தார் ரோடு. பின்னால் இருந்த இரண்டு பேரும் சீர்த்தட்டு எண்ணிக்கையில் மூழ்கியிருந்தார்கள். சிந்துஜா முன்கண்ணாடியைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல், தனக்குத்தானே சொல்வதுபோல் ஏதோ சொன்னாள்.

"மாமா, பயமா இருக்குதுங்க."

பழைய குழந்தைவேலுவாக இருந்தால், "ரொம்ப சந்தோஷம் கண்ணு, அப்படியே செஞ்சுபோடலாம்" என்றிருப்பான்.

"எனக்கும்தான் கண்ணு" என்றேன். "மேளக்காரன் இந்தக் கருவிக்குப் பக்கத்துல வந்து ஊதீட்டா என்ன பண்றது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தப் புல்லாங்குழல் பக்கத்து ஊரில் இல்லை. என் இடது தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மண்டபம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை குறட்டை விடுவாரோ என்பதிலிருந்து, வேலையை விடச் சொல்வார்களோ என்பது வரை. ஒவ்வொன்றுக்கும் கேள்விக்குத் தகுந்த பதில் சொல்ல வேண்டியிருந்தது. மிகவும் களைப்பான வேலை.

மண்டபத்து வளைவில் இண்டிகேட்டரைப் போட்டேன். டிக், டிக். வாசலில் நல்ல கூட்டம், உறவுக்காரர்கள், மேளம், மாலையோடு ரத்தினசபாபதி, எல்லோருக்கும் முன்னால் அத்தர் மணக்க ஹபீப் பாய். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஒரே ஒரு விசில்.

பிரேக்கை மிதித்தேன்.

யாரும் எழுந்து நிற்கவில்லை. யாரும் காதைப் பொத்தவில்லை. ஒரு நாய்கூடத் தன்பாட்டுக்குப் படுத்திருந்தது. என் புகழ் அத்தோடு முடிந்தது. ஐராவதம் வாசல் கோலத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. சத்தமே இல்லை.

இதே வரியை இந்த டைரியில் முன்பும் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.